கணவாய்க்கு முன் வெண்பொங்கல்

எங்கள் வளாகத்தில் ஆண்கள் சைக்கிள் வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ரத்தப் பரிசோதனை. நாற்பதைத் தாண்டிய வருடம் ஆபீஸில் இலவசமாக எடுத்துத் தரும் பரிசோதனையில் சர்க்கரையோ கொழுப்போ எல்லைக்கோட்டில் நிற்பதாக வரும். டாக்டர் "தினமும் நடங்க" என்பார். நடப்பதற்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்பதால் அந்த யோசனை புனேவில் எங்கள் வாகட் பக்கம் எடுபடுவதில்லை. ஒரு வாரம் கழித்துப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று லிஃப்டில் ஏறும்.

என் கணவரின் பெட்டியும் அப்படித்தான் ஏறியது. சைக்கிளோடு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, விரல் இல்லாத கையுறை, பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான டவுசர் எல்லாம் வந்தன. டவுசரை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு அவர் ஹாலுக்கு வந்தபோது, பத்தாவது படிக்கும் எங்கள் மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, ப்ளீஸ், ஸ்டெப்ஸ்ல போங்க. லிஃப்ட்ல என் ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்க" என்றாள். அவர் படியில் இறங்கிப் போனார். பல வருடங்களில் அவர் செய்த முதல் உடற்பயிற்சி அது.

இப்படியே எட்டுத் தமிழர்கள் சேர்ந்துவிட்டார்கள். மராத்திக்காரர்களுக்கு எங்கள் வளாகத்திலேயே தனிக் குழு ஒன்று இருந்தது. அவர்களோடு சேர்ந்து ஓட்டலாமே என்று நான் கேட்டதற்கு, "அவங்க ரொம்ப வேகமாப் போறாங்க" என்று ஓர் உண்மையும், "சாப்பாடு ஒத்து வராது" என்று அதைவிடப் பெரிய உண்மையும் பதிலாக வந்தன.

எட்டுப் பேருக்கும் தலைவராக வாய்த்தவர் ஒரு சென்னைக்காரர். ஹிஞ்சவடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெலிவரி மேனேஜர். எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டோம், அவருடைய மனைவி உட்பட. வாரத்தில் ஐந்து நாள் ஏகப்பட்ட பேரை மேய்ப்பவருக்குச் சனிக்கிழமை தனக்குக் கீழே ஒருவரும் இல்லையென்றால் கை காலெல்லாம் உதறும் போலிருக்கிறது. கடக்வாஸ்லா அணைவரை போய், ஏரியைப் பார்த்தபடி வெங்காய பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பும் பயணத்துக்கே, கிளம்பும் முன்னால் ஒரு கூட்டம் போடுவார். திரும்பி வந்த பிறகு என்ன கற்றுக்கொண்டோம் என்று இன்னொரு கூட்டம். ஓட்டிக் கரைத்ததைவிடத் தின்று சேர்த்தது அதிகம் என்பதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் கற்றுக்கொண்டதில்லை.

கேப்டனுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. போனில் இருக்கும் ஆப்பில் பதிவாகாத தூரம் ஓட்டாத தூரம். மேட்டில் ஏறும்போது கால் தரையில் ஊன்றினால் அந்த ஏற்றம் செல்லாது. இரண்டாவது சட்டத்தால் நடந்த அநியாயங்களைத் தனியாக எழுதலாம். புனேவின் சாந்தினி சௌக் மேட்டில் சிவப்பு விளக்கு விழுந்தபோது காலை ஊன்ற மனமில்லாமல் ஒருவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு பச்சையானதும் ஆட்டோ கிளம்பியது. அவரும் கிளம்பினார், அவர் நினைத்த திசையில் இல்லை.

நான் இந்தக் கூட்டத்தில் எங்கே வருகிறேன் என்றால், காரில் வருகிறேன். எட்டுப் பேர் சைக்கிளில் போனால் பின்னால் ஒரு சப்போர்ட் கார் போக வேண்டும். தண்ணீர், வாழைப்பழம், பஞ்சருக்கு டியூப், வழுக்கி விழுந்தவருக்குப் பிளாஸ்திரி. எங்களிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி இருந்தது. அதை ஓட்ட நான் இருந்தேன். யாரும் என்னைக் கேட்டதாக நினைவில்லை. ஒரு சனிக்கிழமை எழுந்து பார்த்தபோது நான் சப்போர்ட் காராக இருந்தேன்.

முதல் கியரில் எட்டு டவுசர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போது மனிதருக்கு இரண்டில் ஒன்று நடக்கும். பைத்தியம் பிடிக்கும், அல்லது ஆசை பிடிக்கும். எனக்கு ஆசை பிடித்தது. மூன்றாவது மாடியில் ஒருவர் வேலை மாறி ஹைதராபாத் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் பால்கனியில் இரண்டு வருடமாகத் துண்டு காயப்போட உதவிய சைக்கிள் ஒன்று இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் வளாகத்துச் சைக்கிள்களில் பாதி துண்டு காயப்போடும் வேலையைத்தான் பார்க்கின்றன.

வார நாட்களில், மகள் எழுவதற்கு முன்னால், தனியாக ஓட்ட ஆரம்பித்தேன். முதலில் மாண் கிராமம் வரை. பிறகு பிரங்குட் மேடு. ஒருநாள் லீவு போட்டுவிட்டு லவாசா மலைப்பாதையில் பாதிவரை ஏறினேன். பஞ்சு வைத்த டவுசர் என்னிடம் இல்லை. சுடிதார் பேண்டின் காலை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்வேன். ஆப் என்னிடம் இல்லை. ஆகவே கேப்டன் சட்டப்படி நான் எங்கேயும் போயிருக்கவில்லை. என் கணவருக்கு மட்டும் தெரியும், திரும்பி வந்து படியேற முடியாமல் நான் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

ஏன் ஓட்டினேன் என்று கேட்டால் நேராகவே சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. கோயம்புத்தூரில் அப்பா வீட்டிலும் சரி, கல்யாணமாகி வந்த பிறகும் சரி, டெஸ்டிங் டீமை நடத்தும் ஆபீஸிலும் சரி, யாராவது ஒருவர் கூப்பிடும் தூரத்திலேயே நான் நாற்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறேன். மேட்டில் மூச்சு வாங்கும்போது கூப்பிட்டால்கூடக் காது கேட்காது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மழைக்காலம் முடியும் சமயத்தில் கேப்டன் பெரிய திட்டம் ஒன்றை அறிவித்தார். கடக்வாஸ்லா தாண்டி, கானாப்பூரில் இடப்பக்கம் திரும்பி, பாபே கணவாய் ஏறி, அந்தப் பக்கம் தோரணா கோட்டையின் அடியில் இறங்கி, நஸ்ராப்பூர் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, பழைய காத்ரஜ் சுரங்கப் பாதையில் இரண்டாவது மலையையும் கடந்து வீடு திரும்ப வேண்டும். ஒரு முழு வட்டம். போன ரோட்டில் திரும்பி வருவது கிடையாது. கேட்ட உடனே எனக்கு, எங்கள் வாசலில் கிளம்பி, இரண்டு மலையைத் தாண்டி, அதே வாசலுக்கு வேறு பக்கத்திலிருந்து வந்து நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முக்கியமாக அந்த பாபே கணவாய். புனேவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதைக் கேட்டிருக்கிறேன்.

கிளப்ஹவுஸில் கூட்டம். சுவரில் படங்கள் ஓடின. என்னென்ன ஆபத்து, யார் முன்னால், யார் கடைசி, மழை வந்தால் என்ன, குரங்கு வந்தால் என்ன. எல்லாம் முடிந்து "கேள்வி ஏதாவது?" என்று கேப்டன் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன்.

"நானும் சைக்கிள்ல வர்றேனுங்க."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஏழு பேர் என் கணவரைப் பார்த்தார்கள். என் கணவர் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்தார்.

கேப்டன் மிகவும் மரியாதையானவர். "மேடம், நீங்க வந்தா எங்களுக்குப் பெருமைதான். ஆனா இது கொஞ்சம் டெக்னிக்கல் ஏத்தம், பாருங்க. அடுத்த வருஷம் ஒரு சின்னக் கணவாயா பார்த்து ஆரம்பிக்கலாம். இப்ப நீங்களும் ஓட்டினா சப்போர்ட் காரை யாரு ஓட்டுவாங்க?"

புனேவில் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் குழுவில் இருந்தார். அவர் பேச்சு தமிழில் கிளம்பும், வழியில் இந்தி ஏறும், மராத்தியில் போய் நிற்கும். "அரே, டென்ஷன் நக்கோ மேடம். காரு ஓட்டறது பி பஹுத் படா காம் ஹை. நீங்க இல்லாம நாங்க ஜீரோ" என்றார். நல்ல மனுஷன். கார் ஓட்டுவதும் பெரிய வேலைதான் என்று மனதாரச் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். 'அவ ஓட்டுவாளுங்க' என்று இரண்டே சொல் போதும். லவாசா மேட்டை நான் ஏறியது தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். அவர் மூடியைத் திறந்தார். தண்ணீர் குடித்தார். மூடியை மூடினார்.

சண்டை போடவில்லை நான். கொங்கு நாட்டுக்காரிக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "சரிங்க, காரையே ஓட்டறேனுங்க. ஆனா என்ற சைக்கிளும் கார் பின்னால மாட்டியிருக்கும். யாராச்சும் ஓட்ட முடியாமப் போனா அவரு காரை ஓட்டட்டும், நான் அவரு எடத்துல ஓட்டறேன். சம்மதமுங்களா?" என்றேன். எட்டுப் பேரும் பெருந்தன்மையோடு சிரித்து ஒத்துக்கொண்டார்கள். அப்படி ஒருவர் வரப் போவதில்லை என்ற நம்பிக்கைதான் அந்தப் பெருந்தன்மை.

அடுத்து, சாப்பாடு. மற்ற விஷயங்களுக்குப் பத்து நிமிடம் என்றால் இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. கணவாய் அடிவாரத்தில் காலைச் சாப்பாடு என்று முடிவாகியிருந்தது. வழியில் கிடைக்கும் போஹா போதாதா என்றால், அவலைச் சாப்பிட்டு யாராவது மலை ஏறுவார்களா என்று கேட்டார்கள். மகாராஷ்டிரமே அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கோட்டை கோட்டையாக ஏறிக்கொண்டிருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வெளிநாட்டில் மலையேறும் சைக்கிள்காரர்கள் முந்தின வேளை வயிறு நிறைய மாவுச்சத்து சாப்பிடுகிறார்கள் என்று கேப்டன் ஒரு படம் போட்டார். "நம்ம ஊரு மாவுச்சத்துல டாப் எது?" என்று கேட்டார். எட்டுக் குரல் ஒன்றாக வந்தது. வெண்பொங்கல்.

நான் ஒரே ஒரு தடவை, தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "பொங்கல் தின்னா தூக்கம் வருமுங்க."

"அது ஒரு நம்பிக்கை மேடம். அறிவியல்ல அதுக்கு ஆதாரம் கிடையாது" என்றார் கேப்டன்.

கிளம்ப வேண்டிய நாளில் நான் கோழி கூவும் முன்பே எழுந்து பொங்கல் வைத்தேன். கேட்டபடி நெய், கேட்டபடி முந்திரி, முழு மிளகு. கூடவே மெதுவடை, கத்தரிக்காய் கொத்சு, தேங்காய்ச் சட்னி, ஃப்ளாஸ்கில் ஃபில்டர் காபி. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் என்மேல் பழி வந்தபோது இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

வானம் வெளுக்கும்போது கிளம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் ஓட்டினார்கள். கடக்வாஸ்லா தண்ணீர் பளபளவென்று கிடந்தது. ராணுவ அகாடமிப் பக்கம் பையன்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பார்த்ததும் எட்டுப் பேரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கானாப்பூர் தாண்டித் திரும்பி, ரோடு மலையைப் பார்த்துத் தலையை நிமிர்த்தும் இடத்தில் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. முன்னால் ஆலமரம், சிமெண்ட் மேடை. அங்கே நிறுத்தினார்கள்.

ஹாட்பாக்ஸைத் திறந்தேன். மலைக்காற்றில் நெய்யும் மிளகும் கலந்து எழுந்த வாசனையில் எட்டு மேனேஜர்களும் எட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். முதல் தட்டு பசிக்கு. இரண்டாவது தட்டு ருசிக்கு. மூன்றாவது தட்டு, "மேடம் இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்க" என்று எனக்காக. கட்கிக்காரர் வடையைப் பொங்கலில் புதைத்து, கொத்சுவை அதன்மேல் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அந்தக் கண்தான் முதலில் மூடியது. திறக்கவே இல்லை.

"ஃபைவ் மினிட்ஸ் ரிகவரி" என்றார் கேப்டன். அது அவர் திட்டத்திலேயே இருந்தது. மேடையில் சாய்ந்தார். மற்றவர்களும் சாய்ந்தார்கள். நான் பாத்திரங்களைக் குழாயடியில் அலசிவிட்டு வந்து பார்த்தபோது, ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல், எட்டுப் பேரும் அறிவியலுக்கு எதிராகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் குறட்டையில்கூட ஒரு தலைமைப் பண்பு இருந்தது.

அப்போது கீழேயிருந்து பெண்கள் சிலர் சைக்கிளில் வந்தார்கள். மராத்திப் பெண்கள், இரண்டு பேருக்கு என் வயதுக்கு மேலேயே இருக்கும். மேடையில் வரிசையாகக் கிடந்த உடல்களைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தவர் பிரேக் போட்டார். என்ன ஆச்சு, விபத்தா என்று பதறிப்போய்க் கேட்டார்.

"நாஷ்டா ஜாலா" என்றேன். காலைச் சாப்பாடு ஆச்சு.

அவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது. போகும்போது ஒருவர் கையை வீசி, நீயும் வாயேன் என்று கூப்பிட்டார். என்னை ஒருவர் கூப்பிட்டு எனக்குப் பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

காரின் பின்னால் மாட்டியிருந்த என் சைக்கிளை இறக்கினேன். யாராவது ஒருவர் ஓட்ட முடியாமல் போனால் நான் ஓட்டலாம் என்பது பேச்சு. இங்கே எட்டுப் பேரும் முடியாமல் கிடந்தார்கள். எட்டு மடங்கு உரிமை எனக்கு. ஆனாலும் காரை விட்டுவிட்டுப் போக முடியாதே. என் கணவரின் தோளை உலுக்கினேன்.

"ஏனுங்க, எந்திரிங்க. நான் ஏறப் போறேன். காரை நீங்க எடுத்துட்டு வாங்க."

ஒரு கண் மட்டும் திறந்தது. "இரு கண்ணு... கேப்டன் எந்திரிக்கட்டும்... ஒரு வார்த்தை கேட்டுட்டு..." சொல்லி முடிக்கும் முன்பே அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது.

தூக்கத்தில்கூட என்னை விடுவதற்கு இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தில் மலையை ஏற வேண்டியதே இல்லை, தள்ளிவிட்டே போயிருக்கலாம். கார் சாவியை அவர் வயிற்றின் மேல் வைத்தேன். வயிறு ஏறி இறங்கியது, சாவியும் கூடவே ஏறி இறங்கியது. சைக்கிளில் ஏறினேன்.

கோபம் இரண்டாவது வளைவு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு நானே மிதிக்க வேண்டியிருந்தது. பாபே கணவாய் அழகானது என்று படம் போட்டவர்கள் எல்லோரும் பைக்கில் போனவர்கள். தொடை எரிந்தது, காதுக்குள் இதயம் அடித்தது, வியர்வை கண்ணில் இறங்கி ரோடே கலங்கித் தெரிந்தது. ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எதையாவது பிடுங்கலாமா என்று பார்த்துவிட்டு, இவளிடம் ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. கால் ஊன்றினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒரு வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். தள்ளும்போது, திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பினால் ஐந்து நிமிடத்தில் கீழே போய்விடலாம். அவர்கள் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், நான் ஏறியதோ இறங்கியதோ யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் திரும்ப விடவில்லை. மறுபடியும் ஏறி உட்கார்ந்து மிதித்தேன்.

உச்சிக்கு வந்தபோது முதலில் எதையும் பார்க்கவில்லை. சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தேன். வந்த பக்கத்தில் சிம்மகட் கோட்டை. போக வேண்டிய பக்கத்தில் தோரணா, தள்ளி ராஜ்கட், நடுவில் பச்சைப் பசேலென்று நெல்வயல். அந்தப் பெண்கள் முன்பே இறங்கிப் போயிருந்தார்கள். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். அதோடு சேர்ந்து அழுகையும் ஆத்திரமும் வந்தன.

கார் சத்தம் கேட்டது. என் கணவர் தனியாக வந்து இறங்கினார். கன்னத்தில் சிமெண்ட் மேடையின் அச்சு அப்படியே இருந்தது.

"ரெண்டு பேருக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. வெயிலும் ஏறிருச்சு. எல்லாரும் திரும்பிரலாம்னு கேப்டன் சொல்லிட்டாரு. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

இருபது வருடக் குடித்தனத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தியது மிகக் குறைவு. அன்று அந்தப் பள்ளத்தாக்கே கேட்கும்படி கத்தினேன். "அன்னைக்குக் கூட்டத்துல ஒத்தை வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? நான் லவாசா ஏறுனது உங்களுக்குத் தெரியாதா? எல்லாரும் உங்க மூஞ்சியத்தானே பார்த்தாங்க? உங்களுக்கு அந்த மூடிதான் முக்கியமாப் போச்சா?"

அவர் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம் போல முழுங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"உன்னால முடியும்னு எனக்கு நல்லாத் தெரியும் கண்ணு" என்றார். "அதனாலதான் சொல்லல. நீ ஏறி, நான் ஏற முடியாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் இவ்வளவு பச்சையான உண்மையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வலித்தது. சிரிப்பும் வந்தது. "இப்ப நீங்க ஏறலதானே? ஒண்ணும் ஆயிரலையே?" என்றேன். தலையை ஆட்டினார்.

"நான் திரும்ப மாட்டேன். இந்தப் பக்கம் எறங்கி, காத்ரஜ் ஏறித்தான் வீட்டுக்கு வருவேன். நீங்க போறதானாப் போங்க."

அவர் போனில் யாருக்கோ ஏதோ டைப் செய்தார். பிறகு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

என் கணவர் சப்போர்ட் கார் ஓட்டிய அழகை என்னவென்று சொல்ல! பின்னால் வர வேண்டியவர் வேகமாக முன்னால் போய்விட்டு, நான் வரவில்லையே என்று பதறித் திரும்பி வருவார். ஏறும்போது வாழைப்பழம் நீட்டுவார், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருக்கிறவள் எதில் வாங்குவாள்? இறங்கும்போது ஹாரன் அடித்து உற்சாகப்படுத்துவார், எனக்கு உயிரே போகும். நஸ்ராப்பூரில் வடாபாவ் வாங்கி வந்தார். தனக்கும் ஒன்று வாங்கியிருந்தார், அவ்வளவு பொங்கலுக்குப் பிறகும்.

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பழைய காத்ரஜ் ஏற்றத்துக்கு வந்தபோது நல்ல வெயில். பாதியில் என் கால் நின்றுவிட்டது. ஓரத்தில் இறங்கித் தலையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டேன். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. 'போதும், ஏறிக்கோ' என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் காரில் ஏறியும் இருப்பேன், அந்த அளவுக்கு ஓய்ந்துபோயிருந்தேன். அவர் பாட்டில் தண்ணீரை என் பிடரியில் ஊற்றினார். பிறகு ரோட்டுப் பக்கமாக, லாரிகளுக்கும் எனக்கும் நடுவில், அந்தப் பஞ்சு டவுசரோடு நின்றுகொண்டார். எனக்கு மூச்சு திரும்பும்வரை அப்படியே நின்றார்.

சுரங்கத்தைத் தாண்டியதும் புனே கீழே கிடந்தது. அதன்பிறகு புறவழிச்சாலை, வார்ஜே, சாந்தினி சௌக் மேடு. அந்த மேட்டில் நான் யார் பெற்ற பிள்ளை என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் வளாகத்து வாசலில் ஏழு பேரும் நின்றிருந்தார்கள். காய்கறி டெம்போ ஒன்றைப் பிடித்துச் சைக்கிள்களோடு எப்போதோ வந்து சேர்ந்து, குளித்து, தலை வாரி, பவுடரும் போட்டிருந்தார்கள். 'பாபே கணவாய் முதற்கட்ட ஆய்வு வெற்றி' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தியும் படமும் போட்டாகிவிட்டது. படத்தில் ஆலமரம் இருந்தது. அதன் அடியில் நடந்தது இல்லை.

கேப்டன் முதலில் காரிடம் போனார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், சூப்பர்! தனியாளா அவ்வளவு தூரம் சப்போர்ட் கார் ஓட்டறது சாதாரண விஷயமா? செம பொறுமை சார் உங்களுக்கு!" எல்லோரும் கை தட்டினார்கள். கார் ஓட்டுவதற்குக் கைதட்டல் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், ரொம்ப நல்ல முயற்சி. ஆனா டெக்னிக்கலா பார்த்தா லூப் கம்ப்ளீட் ஆகல. நம்ம கேட்லேர்ந்து அடிவாரம் வரைக்கும் நீங்க கார்ல வந்தீங்க இல்லையா? அப்புறம், ஏத்தத்துல கால் எங்கேயாவது ஊனினீங்களா?"

அவர் சொன்னது சரிதான். அதுதான் கொடுமை. வட்டத்தில் ஒரு துண்டு குறைந்தது. கால் ஊன்றியதும் உண்மை.

கார் கதவு திறந்தது. என் கணவர் இறங்கி வந்து, என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கால் ஊனுனது நெசந்தானுங்க" என்றார். "நாம முதுகையே ஊனிட்டுக் கெடந்தோம். நம்ம எட்டுப் பேர்ல ஒருத்தரும் ஏறாத மலைய அவ ஏறுனா. அவ ஏறுவான்னு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. கூட்டத்துல நான்தான் சொல்லல. அந்தக் கொறையும் வேண்டாம், நாளைக்குக் காலையில இங்கிருந்து கோயில் வரைக்கும் ஓட்டி முடிச்சிருவா. நான் கார் ஓட்டறேன்."

ஏழு பேரும் என் கால்களைப் பார்த்தார்கள். எட்டாவதாக நானும். இத்தனை வருடம் எனக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர் பேச ஆரம்பித்ததும், என் கால்களைக் கேட்காமலே அவற்றின் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் அந்தத் தூரத்தையும் ஓட்டினேன், அது வேறு வலி. அந்த மாலையில் என்னால் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலுக்கு முன்னால் வைக்க முடியவில்லை. வாசலிலேயே நின்று, அத்தனை பேருக்கும் முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதேன். கால் வலியால் அழுகிறேன் என்று நினைத்து கேப்டன் வலி ஸ்ப்ரே எடுக்க வீட்டுக்கு ஓடினார். அவர் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.